தம்பிக்காக அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போகாதீர்கள்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஆசிரியை. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான், வயது 66. அவருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் தொடங்கியிருப்பதாக ஆறு மாதங்களுக்கு முன்பு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சொன்னார்கள். ஓய்வூதியம் மாதம் 62,000 ரூபாய். நிலையான வைப்பில் 18 இலட்சம் இருக்கிறது. படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டில் என்னோடுதான் இருக்கிறார். தம்பிக்காக அம்மாவின் நகைகளை இரண்டு முறை அடகு வைத்தோம். இரண்டு முறையும் நானே ஓட்டோவில் அழைத்துப் போனேன். இரண்டாவது அடகுச் சீட்டை அம்மா அரிசி வாளிக்குள் வைத்து மறந்துவிட, தவணை கடந்து காப்புச் சோடி ஏலத்தில் போய்விட்டது. இப்போது கட்டார் போவதற்காக, அம்மாவின் ஓய்வூதியத்தின் மேல் 10 இலட்சம் கடன் எடுத்துத் தரச் சொல்கிறான் தம்பி. அம்மா சரி என்கிறார். வைப்பை ஒரு நிதி நிறுவனத்துக்கு மாற்றினால் வட்டி கூட வரும் என்கிறார் மச்சான். அம்மாவுக்காக நானே காரியம் பார்க்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "அம்மா சரி என்கிறார்" என்ற வரிதான். அந்தச் சரியை நம்பித்தான் இரண்டு முறை அடகுக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். கேட்டவன் தம்பி, சண்டை வேண்டாமே என்று ஓட்டோ பிடித்தவர் நீங்கள். இந்தப் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும்.

நோய் வந்துவிட்டதால் அம்மாவுக்கு எதையும் தீர்மானிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆரம்ப நிலையில் பலர் தங்கள் காரியங்களைத் தெளிவாகவே முடிவு செய்வார்கள். ஆனால் பக்கத்தில் இருந்து பிள்ளை கேட்கும்போது தலையாட்டுவது வேறு, விளங்கி ஒப்புக்கொள்வது வேறு. ஒரு காலை நேரம், தம்பி இல்லாதபோது, கடனைப் பற்றி ஆறுதலாகச் சொல்லுங்கள். எவ்வளவு கடன், யார் கட்டுவது, மாதம் கையில் என்ன மிஞ்சும் என்று பிறகு கேளுங்கள். மறுநாளும் கேளுங்கள். அவரால் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சரியை வைத்து எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது.

சரி, அவர் விளங்கியே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உதைக்கிறது. 10 இலட்சத்தை 14 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 23,000 ரூபாய். ஓய்வூதியத்தில் மிஞ்சுவது 39,000. அம்மாவைத் தனியே விட முடியாத நிலை வரும்போது, நீங்கள் பாடசாலை போயிருக்கும் நேரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அதற்கு 40,000, பெரியவர்களுக்கான டயப்பருக்கு 15,000, வைத்தியசாலையில் கிடைக்காத மருந்துகளுக்கு 8,000, சாப்பாட்டுக்கு 15,000 என்று போட்டால் 78,000. கடன் இல்லாவிட்டால் மாதம் 16,000 துண்டு விழும். 18 இலட்சத்துக்கு 8 வீதம் என்றாலும் வட்டியாக மாதம் 12,000 வரும். மீதி நாலாயிரத்தை நீங்கள் சமாளிப்பீர்கள். கடன் இருந்தால் துண்டு 39,000. அப்போது வட்டி போதாது, வைப்புப் பணத்திலேயே கைவைக்க வேண்டும். கடனும் இந்தச் செலவும் ஒன்றாகத் தொடங்கினால் சுமார் நாலரை வருடத்தில் வைப்பு காலி. கடன் அப்போதும் முடிந்திருக்காது. கட்டாரிலிருந்து தம்பி அனுப்புவான் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அடகு வைத்த காப்பை மீட்க அவன் அனுப்பவில்லையே.

ஆனால் தம்பியின் மனத்தாங்கலையும் பார்க்க வேண்டும். நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. அக்காவுக்கு வீடு, எனக்கு என்ன என்று அவன் நினைப்பதில் அநியாயம் இல்லை. அதற்கு வழி வயலில் இருக்கிறது. தன் காலத்துக்குப் பிறகு வயல் மகனுக்கு என்று அம்மா விரும்பினால் மரண சாசனத்தில் எழுதலாம். இப்போதே கொடுக்க விரும்பினால், சீவிய உரித்தை, அதாவது உயிரோடு உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை, தனக்கு வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதலாம். அப்படி எழுதினால் இரண்டு போகக் குத்தகையும் அவர் உள்ளவரை அவருடைய பராமரிப்புக்கே வரும். எதுவானாலும் அது அம்மாவின் முடிவாக இருக்கட்டும். நீங்களும் தம்பியும் பேசி முடித்துவிட்டு அவரிடம் கொண்டுபோகாதீர்கள்.

அற்றோணித் தத்துவத்தைப் பெரிதாக நம்பியிருக்கிறீர்கள். இன்று வங்கி, பிரதேச செயலகம் என்று அலைய அது உதவும். ஆனால் எழுதிக் கொடுத்தவர் தானே முடிவெடுக்கும் ஆற்றலை இழக்கும்போது, இலங்கைச் சட்டப்படி அந்தப் பத்திரத்தின் வலுவும் போய்விடும். உங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். அதன் பின்னர் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 39ஆம் அத்தியாயப்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். செலவும் அலைச்சலும் பிடித்த வழி. ஆகவே செய்யக் கூடியதை இப்போதே செய்யுங்கள். வைப்பை அம்மா, நீங்கள் என இருவர் பெயரிலும் மாற்றி, மாத வட்டி ஓய்வூதியம் வரும் கணக்கிலேயே விழும்படி செய்ய முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். அம்மாவின் பணத்தில் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு கொப்பியில் எழுதி, தம்பிக்கும் காட்டுங்கள். நாளைக்கு உங்கள் மேல் பழி வராமல் இருக்கவும் அது வேண்டும்.

மச்சானின் யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமாக இருந்தாலும், அது விழுந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். 18 இலட்சத்தையும் ஒரே இடத்தில் போட்டால் 7 இலட்சத்துக்குக் காப்பு இல்லை. அனுமதி பெறாத இடமாக இருந்தால் பேச்சே வேண்டாம். இரண்டு வீத வட்டி கூடக் கிடைக்கும் என்பதற்காக, நோயாளியின் பராமரிப்புப் பணத்தை ஊர் ஊராக மாற்றுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பணத்துக்கு அப்பாலும் அம்மாவிடம் கேட்க வேண்டியவை உண்டு. யார் தன்னைக் குளிப்பாட்டலாம், வெளியாள் வந்து பார்ப்பது சம்மதமா, கடைசிவரை வீட்டில்தான் இருக்க வேண்டுமா, விழுங்க முடியாமல் போனால் குழாய் வழியே உணவு கொடுக்கலாமா. கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். அவர் சொல்வதை அவருடைய வார்த்தைகளிலேயே திகதியிட்டு எழுதுங்கள். கையெழுத்து வைப்பதானால் அவரே வாசித்துப் பார்த்து வைக்கட்டும். இதைக் கேட்காத வீடுகளில், பிறகு வைத்தியசாலைக் கட்டில் அருகில் பிள்ளைகள் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் விடயத்தைச் சொல்லி, அம்மா தன் சொத்தைப் பற்றி விளங்கி முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருக்கிறார் என்றால் அந்தக் கிழமையே, உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசிடம் போங்கள். நொத்தாரிசு முன்னிலையில் மரண சாசனம் எழுத இரண்டு சாட்சிகள் போதும். நீங்களோ தம்பியோ, உங்கள் வீட்டுக்காரரோ சாட்சியாக நிற்க வேண்டாம். அம்மா நொத்தாரிசோடு பேசும்போது அறைக்கு வெளியே இருங்கள். கடன் படிவத்தோடு தம்பி வந்தால் மறுமொழியை நீங்களே சொல்லுங்கள், அம்மாவைக் கூப்பிட வேண்டாம்.