சென்னை வெயிலில் வீட்டுப் புல்தரை காயாமல் இருக்க என்ன செய்யலாம்?

புல்லுக்கு ஊற்றும் தண்ணீரை முதலில் ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். கரித்தால், வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் 12-க்கு 10 அடி இடம் சும்மா கிடந்தது. 2022 தை மாதம் கொரியன் புல்லைப் பாய் பாயாக வாங்கி விரித்தேன். மாசி வரைக்கும் கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. பங்குனியில் நுனி கருக ஆரம்பித்தது. வெயில்தான் என்று காலையும் மாலையும் போர் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சினேன். சித்திரை பிறந்தபோது பாதிக்கு மேல் வைக்கோல்.

மனசு கேட்காமல் மாதவரம் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். அங்கிருந்த பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி காஞ்சப்புறம் மண்ணு மேல வெள்ளையா பூக்குதா கண்ணு?"

"ஆமாம்மா."

"உப்பு அது. வெயிலு இன்னா பண்ணும் புல்ல? நீ ஊத்துறதுதான் கொல்லுது."

வீட்டுக்கு வந்து மண்டி போட்டுப் பார்த்தேன். புல்லின் அடியில் கோலமாவு சிந்தினது போல வெள்ளைப் படலம். விரலால் வழித்து நாக்கில் வைத்தேன், கரித்தது. ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தால் மேலே ஒரு அங்குலம்தான் ஈரம். அதற்குக் கீழே மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

இதுதான் நடக்கிறது: தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிற தண்ணீர் மேல்மண்ணிலேயே ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. வேரும் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்காமல் மேலேயே படர்ந்து, வெயிலில் வெந்துபோகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்து, கடல்நீர் உள்ளே ஏறியது பல வருடக் கதை. கடலோரத்தில் இருக்கிற நமக்கும் போர் கரிப்பது அதிசயம் இல்லை.

அதனால் தெளிப்பதை விட்டுவிட்டு, ஊற வையுங்கள். கோடையில் வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் தண்ணீர் போனால் நம்மூர்ப் புல்லுக்குப் போதும். ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். என் இடம் 11 சதுர மீட்டர், ஆக 275 லிட்டர். மணல் பூமி என்பதால் அதை வாரத்தில் இரண்டு நாளாகப் பிரித்து, விடியற்காலையில் விடுகிறேன். நேராக நிற்கும் எவர்சில்வர் டம்ளர்கள் நான்கைப் புல்லில் அங்கங்கே வைத்துத் தண்ணீர் விட்டு, உள்ளே நின்றதை ஸ்கேலால் அளந்தேன். சுவரோர டம்ளரில் பாதிகூட இல்லை! மதிலின் சூடு வேறு அங்கே திரும்பி அடிக்கிறது. அங்கே மட்டும் கூடுதலாக நேரம் விடுகிறேன்.

உப்பை இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். மெட்ரோ வாட்டர் தாராளமாக வரும் நாளில் ஒரு முறை நன்றாக ஊற விடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மொட்டை மாடி மழைத்தண்ணீர் இறங்கும் குழாயைப் புல்லின் மேல் திருப்பி விடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழுகிக் கிடந்த என் தரை, அடுத்த மாசியில் இருந்த பச்சையை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. ஏசி சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது என்று சொல்லலாம், அதையும் பிடித்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

புல்லையும் மாற்றினேன். ஆடி மாதம் அருகம்புல் கொடியைக் கணு கணுவாக நறுக்கி, நாலு விரல் இடைவெளியில் ஊன்றினேன். பிள்ளையாருக்குப் போடுகிற அதே அருகுதான். உப்பும் தாங்கும், வெயிலும் தாங்கும். கோடையில் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். கெட்டியாக நின்றால் உயிர் இருக்கிறது, நல்ல மழை பெய்தால் துளிர்த்துவிடும்.

வெட்டும்போது ஒட்ட வெட்டாதீர்கள். கோடையில் இரண்டு அங்குலம் நிற்கட்டும், ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். அந்த நிழல்தான் மண்ணைக் காக்கும். கத்திரி வெயிலில் யூரியா போடவே போடாதீர்கள். அதுவும் உப்பு மாதிரிதான் வேலை செய்யும், கருக்கிவிடும். சலித்த மண்புழு உரத்தை ஆவணி புரட்டாசியில் தூவினால் போதும். கோரை முளைத்தால் மட்டும் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மேலே கிள்ளினால் திரும்பத் திரும்ப வரும்.

மேற்குப் பக்கம் இடமிருந்தால் ஒரு பூவரசு வையுங்கள். கடலோர மரம், உப்புக்கு அஞ்சாது, மத்தியான வெயிலைத் தடுக்கும். ஆனால் அடர்ந்த நிழலில் அருகு வராது. அங்கே சருகைப் பரப்பி விட்டுவிடுங்கள்.

மதில் ஓரம் ஒரு முழ அகலத்துக்கு என்ன செய்தும் அருகு பிடிக்கவில்லை. அங்கே பொடுதலை நட்டேன். தலைக்கு எண்ணெய் காய்ச்சப் பாட்டி பறித்து வருவாரே, அதேதான். மிதித்தாலும் படர்கிறது, உப்பைக் கண்டுகொள்வதே இல்லை. இப்போது வெள்ளையும் ஊதாவுமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள். காலையில் பட்டாம்பூச்சி வருகிறது.