பிறவி கிளாக்கோமா அறுவையில் மைட்டோமைசின் போடுவது சரியா? வேறு மருந்து இல்லையா?

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவோடு பிறந்த கைக்குழந்தைக்குச் செய்யப்போகும் அறுவையில் மைட்டோமைசின் வைப்போம் என்கிறார்கள், அது புற்றுநோய் மருந்தாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மகளுக்கு ஐந்தாம் மாதத்திலும் அப்புறம் மூன்று வயதிலும் அறுவை நடந்தது. அப்போது டாக்டர்களைத் துளைத்தெடுத்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எந்த அறுவை என்று கேளுங்கள். கோனியாட்டமியும் டிரபெகுலாட்டமியும் கண்ணுக்குள் சரியாக வளராத இயற்கை வடிகாலைத் திறந்துவிடுபவை. அவற்றுக்கு வழக்கமாக இந்த மருந்து வேண்டாம். டிரபெகுலெக்டமிதான் வேறு கதை. கண்ணின் வெள்ளையில் புதிதாக ஒரு வழி வெட்டி, கண்ணுக்குள் ஊறும் நீர் மேல்சவ்வுக்கு அடியில் சின்னக் கொப்புளமாகத் தேங்கும்படி செய்வார்கள். அந்த வழி தழும்பேறி மூடினால் அழுத்தம் மறுபடி ஏறும். தழும்பேறாமல் தடுக்கத்தான் மைட்டோமைசின். பச்சைக்குழந்தைக்குப் புண் ஆறுகிற வேகம் நமக்கு வராது. கண்ணின் வெள்ளையைப் போர்த்தியிருக்கும் டெனான் சவ்வும் அவர்களுக்குத் தடிமன். என் மகளுக்கு முதல் தடவை டிரபெகுலாட்டமியையும் டிரபெகுலெக்டமியையும் சேர்த்து, மருந்தில்லாமல் செய்தார்கள். மூடிக்கொண்டது. "உங்க பொண்ணுக்குப் புண் ரொம்ப நல்லா ஆறுதுங்க, அதான் பிரச்சினை" என்றார் டாக்டர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டாம் தடவை மைட்டோமைசின். பயந்த அளவுக்கு இல்லை: ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை கலந்து, சின்னப் பஞ்சில் நனைத்து 2 முதல் 4 நிமிடம் வைத்துவிட்டு, நன்றாகக் கழுவிவிடுவார்கள். ரத்தத்தில் ஏற்றும் கீமோ அல்ல. ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொப்புளத்தின் மேல்சவ்வு மெலிந்து கசியலாம், அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கலாம், பல வருடம் கழித்துக்கூட அந்த வழியாகக் கிருமி உள்ளே போகலாம். எழுபது வயதுக்காரருக்கும் ஏழு மாதக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. குழந்தை அந்தக் கொப்புளத்தோடு ஆயுள் முழுக்க இருக்க வேண்டும்.

மாற்று என்றால், தழும்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ஃபைவ் எஃப்யூ (5-ஃப்ளூரோயூராசில்) இதைவிடச் சாது. ஆனால் அறுவைக்குப் பிறகும் கண்ணோரம் பல ஊசி போட வேண்டிவரும். குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுத்தாக வேண்டும். அதனாலேயே கைவிடுகிறார்கள். ஸ்ட்ரான்ஷியம் வைத்துக் கொடுக்கும் பீட்டா கதிர்வீச்சு சில நிமிட வேலைதான், ஆனால் பின்னாளில் கண்புரை வரலாம், கருவியும் எல்லா இடத்திலும் கிடையாது. புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தோ, வளரும் குழந்தையின் ரத்தத்தில் கலந்தால் என்ன செய்யும் என்ற தயக்கம் இருக்கிறது. கொலாஜன் வில்லை மருந்தே அல்ல. சவ்வுக்கடியில் வைத்தால் சில மாதங்களில் கரைந்துவிடும். குழந்தைகளிடம் மைட்டோமைசின் அளவுக்கு அது பழகவில்லை.

என்னைக் கேட்டால், முதல் அறுவையிலேயே ஏன் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் மறுக்காதீர்கள். கண் சிவந்தாலோ பீளை கட்டினாலோ அன்றைக்கே ஓட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்பது கிடையாது. இதை மகளின் டீச்சரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. கண்ணைப் பரிசோதிக்க மயக்கமெல்லாம் வேண்டாம், தானே தாடையை மெஷினில் வைத்துக் காட்டுகிறாள்.