மோட்டார் ரூமில் ஆள் இருக்க மாட்டார்கள்: எம்பெடட் கேள்வி பதில்

கோவையில் பம்ப்செட்டுக்கான மொபைல் ஸ்டார்ட்டர் (போன் மூலம் மோட்டாரை ஓட்டும் கருவி) செய்கிற வேலையில் 16 வருடமாக ஃபர்ம்வேர், அதாவது கருவியின் சிப்புக்குள் ஓடும் புரோகிராம், எழுதுகிறேன். எம்பெடட் என்பது இந்த மாதிரி வேலைதான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்கு அனுபவம் உள்ளதற்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, இசிஇ மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆர்டுயினோவில் நாலைந்து புராஜெக்ட் முடித்துவிட்டேன். அடுத்து என்ன போர்டு வாங்கலாம்?

எதுவும் வாங்காதே தம்பி. கையில் இருக்கிற ஊனோ என்கிற ஆர்டுயினோ போர்டையே முதலில் முழுசாகப் பார். அதிலுள்ள ஏட்மெகா328பி சிப்பில் ராம் மொத்தமே 2 கேபி, அதாவது 2048 பைட். சீரியலில் பிரிண்ட் பண்ண நீ எழுதுகிற ஒவ்வொரு வாக்கியமும், ஃப்ளாஷிலேயே (புரோகிராம் இருக்கிற மெமரி) இருக்கட்டும் என்று தனியாகச் சொல்லாவிட்டால், அந்த 2048-க்குள்தான் போய் உட்காரும். லைப்ரரி எதையும் தொடாமல் டேட்டாஷீட்டில் (சிப்பைப் பற்றி கம்பெனி தருகிற விவரப் புத்தகம்) டைமர் அத்தியாயத்தைப் படித்து, ரெஜிஸ்டரில் (சிப்பைக் கட்டுப்படுத்துகிற சிறு மெமரி இடம்) நேரடியாக எழுதி, ஒரு எல்இடியைச் சரியாக ஒரு நொடிக்கு ஒருமுறை சிமிட்ட வை. இரண்டு வாரம் ஆகலாம், ஆகட்டும். அதற்குப் பிறகு எந்த சிப்பின் டேட்டாஷீட்டைத் திறந்தாலும் பயம் வராது. மொழி என்றால் சி. ரஸ்ட் நல்ல மொழிதான், மைக்ரோபைத்தானும் ஒரு ஐடியாவைச் சட்டென்று செய்து பார்க்க வசதி. ஆனால் சிப் கம்பெனிகள் தருகிற புரோகிராமும் நீ வேலைக்குப் போகிற இடத்தில் இருக்கும் பழைய புரோகிராமும் பெரும்பாலும் சி-யில்தான் இருக்கும்.

கேள்வி: மேடம், மேசையில் வைத்தால் மாதக்கணக்கில் ஓடுகிறது, தோட்டத்தில் மாட்டினால் தினமும் ரீசெட் ஆகிறது. புரோகிராமை நாலு முறை பார்த்துவிட்டேன், தப்பு தெரியவில்லை.

புரோகிராமை விட்டுவிட்டு கரண்டைப் பாருங்கள். கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கிற பெரிய சுவிட்ச்) கம்பிச் சுருளான காயில் ஆஃப் ஆகும்போது பெரிய ஸ்பைக் வரும், அதன் குறுக்கே ஸ்னப்பர் (ஸ்பைக்கை அடக்கும் சிறு சர்க்யூட்) இருக்கிறதா, டிசி ரிலே என்றால் காயிலுக்கு டயோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு முடியவில்லை. சூலூர் பக்கம் ஒரு தோட்டம், எங்கள் பழைய மாடல் ஒன்று, ஒரு நாளைக்கு நாலைந்து முறை செத்து எழுந்துகொண்டிருந்தது. ஆபீஸில் நன்றாக ஓடியதே என்று நான் சொன்னபோது அந்தப் பெரியவர், "மேசையில ஓடி எனக்கென்னங்க அம்மிணி, தண்ணி இங்கயல்லங்க வரணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த முறை ஸ்கோப்பை (வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் கருவி) எடுத்துக்கொண்டு போய் மோட்டார் ரூம் தரையில் உட்கார்ந்து, ஜிஎஸ்எம் மோடத்தின் (மொபைல் டவரோடு பேசுகிற பகுதி) சப்ளை பின்னில் புரோபை வைத்துப் பார்த்தேன். 4 வோல்ட்டில் நேர்க்கோடாக இருக்க வேண்டியது, சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கீழே இறங்கி இறங்கி ஏறியது. 4.6 மில்லிசெகண்டுக்கு ஒரு பல். 2ஜி மோடம் தொடர்ச்சியாக அனுப்பாது, அந்த இடைவெளியில்தான் துண்டு துண்டாக அனுப்பும் (பழைய ஸ்பீக்கர் பக்கத்தில் போன் இருந்தால் கால் வருவதற்கு முன் ஒரு கரகரப்பு கேட்குமே, அது இதுதான்). அந்த ஒவ்வொரு துண்டிலும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஊருக்குள் டவர் பக்கத்தில் இருப்பதால் மோடம் மெதுவாகப் பேசினால் போதும், தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான், அதனால் முழுப் பலத்தோடு கத்துகிறது. எங்கள் போர்டில் மோடத்துக்குப் போகிற டிராக் (போர்டில் உள்ள செம்புப் பாதை) மெலிசு, கெப்பாசிட்டரும் தள்ளி இருந்தது. டிராக்கைத் தடிமனாக்கி, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மோடத்தின் காலடியிலேயே வைத்தோம், நின்றுவிட்டது. ஃபர்ம்வேரில் ஒரு வரியும் மாற்றவில்லை. அன்றிலிருந்து சிக்னல் குறைந்த இடத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை.

கேள்வி: மாட்டி ஒன்றரை மாதம் ஆனதும் டைமர் வேலை செய்வதில்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடுகிறது. இரண்டு இடத்தில் இதே கதை.

49 நாள், 17 மணி நேரம் என்று வருகிறதா பாருங்கள். மில்லிசெகண்டை 32 பிட்டில் எண்ணினால் 4,294,967,295 வரை போய்த் திரும்ப பூஜ்யத்துக்கு வரும், அதற்கு ஆகிற நேரம் சுமார் 49.7 நாள். நீங்கள் அநேகமாக "தொடங்கிய நேரம் கூட்டல் இடைவெளி, அதை இப்போதைய நேரம் தாண்டிவிட்டதா" என்று எழுதியிருப்பீர்கள். அதை "இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் இடைவெளி அளவுக்கு வருகிறதா" என்று மாற்றுங்கள். இரண்டும் அன்சைன்டு (மைனஸ் மதிப்பு வராத) 32 பிட்டாக இருந்தால், எண்ணிக்கை சுற்றி வந்தாலும் கழித்தல் சரியான விடை தரும். சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டாம், கவுன்டரைச் சுற்றி வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இருக்கிற மதிப்பில் தொடங்கச் செய்து பாருங்கள்.

இது கற்றுக்குட்டிகள் மட்டும் செய்கிற தப்பு இல்லை. போயிங் 787 விமானத்தில் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு யூனிட்டுகள் 248 நாள் தொடர்ந்து ஆனில் இருந்தால் நின்றுவிடும் என்று 2015-ல் அமெரிக்க விமானத்துறை எச்சரித்தது. நொடியில் நூறில் ஒரு பங்கை 32 பிட் சைன்டு (மைனஸ் மதிப்பும் வரக்கூடிய) எண்ணில் எண்ணினால் 248 நாளில்தான் நிரம்பும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை ஒவ்வொரு நொடியும் ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) எழுதுகிறேன். சரிதானே?

சரியில்லை, இன்றைக்கே நிறுத்துங்கள். ஈப்ராமின் ஒரு இடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்றுதான் டேட்டாஷீட் உத்தரவாதம் தருகிறது. நொடிக்கு ஒன்று என்றால் 28 மணி நேரத்துக்குள் அந்த உத்தரவாதம் முடிந்தது. மணிக்கு ஒருமுறை என்றால் 11 வருடம் வரும். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள்: சப்ளை இறங்குவதை முன்கூட்டியே கண்டுபிடித்து, கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கிற சில மில்லிசெகண்டுக்குள் எழுதிவிடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் இவ்வளவு சீக்கிரம் தேயாத மெமரியான எஃப்ராம் சிப் போடுங்கள்.

கேள்வி: இன்டரப்டில் (ஓடுகிற வேலையை நடுவில் நிறுத்தி வந்து ஓடும் சிறு புரோகிராம்) மாறுகிற வேரியபிளுக்கு வாலடைல் என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். அப்படியும் எப்போதாவது ஒரு தப்பான எண் வருகிறது.

8 பிட் சிப், 16 பிட் வேரியபிள், சரியா? வாலடைல் போட்டால் ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து படிக்கும், ஒரே மூச்சில் படிக்கும் என்று அர்த்தம் இல்லை. மதிப்பு 255 என்று வையுங்கள். கீழ் பைட்டைப் படித்தாயிற்று, கையில் 255. அந்த நேரம் பார்த்து இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்குகிறது. திரும்பி வந்து மேல் பைட்டைப் படித்தால் 1. சேர்த்தால் 511, அப்படி ஒரு மதிப்பு அந்த வேரியபிளில் இருந்ததே கிடையாது. படிக்கிற அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்தி, நகல் எடுத்துக்கொண்டு, உடனே திறந்துவிடுங்கள்.

கேள்வி: வாட்ச்டாகை (குறித்த நேரத்துக்குள் தொடாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) டைமர் இன்டரப்டில் வைத்து ரீசெட் பண்ணுகிறோம். நல்ல வழியா?

வேண்டாம். மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் டைமர் இன்டரப்ட் அதுபாட்டுக்கு ஓடும், வாட்ச்டாகுக்கு எல்லாம் நலம் என்றே தகவல் போகும். ஒவ்வொரு வேலையும் தன் முறை முடிந்ததும் ஒரு கொடியைத் தூக்கட்டும், எல்லாக் கொடியும் ஏறியிருந்தால் மட்டும் மெயின் லூப்பில் ஒரே ஓர் இடத்தில் வாட்ச்டாகைத் தொடுங்கள். 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி ரீசெட் ஆனது இப்படி ஒரு காவல் இருந்ததால்தான். முன்னுரிமை குறைந்த வேலை ஒன்று, முக்கியமான வேலைக்கும் தேவையான ஒரு பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் வைத்திருக்கக்கூடியது) பிடித்துக்கொண்டிருக்க, நடுத்தர வேலைகள் அதை ஓட விடாமல் குறுக்கே நிற்க, முக்கியமான வேலை காத்துக் கிடந்தது. பூமியில் இருந்த நகலில் அதே நிலைமையை வரவழைத்து, காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பினார்கள். அங்கே போய் ரீசெட் பட்டனை அமுக்க ஆள் கிடையாது. தோட்டத்து மோட்டார் ரூமிலும் ராத்திரி 2 மணிக்கு மும்முனை மின்சாரம் வரும்போது ஆள் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: அக்கா, அவ்வளவு தூரத்தில் இருக்கிற கருவி ஏன் ரீசெட் ஆனது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிட்டத்தட்ட எல்லா சிப்பிலும் ரீசெட் காரணத்தைச் சொல்ல ஒரு ரெஜிஸ்டர் உண்டு: பவர் வந்ததா, வோல்ட்டேஜ் இறங்கியதா, வாட்ச்டாக் கடித்ததா. ஆன் ஆனதும் முதல் வேலையாக அதைப் படித்து ஈப்ராமில் எழுதுங்கள். எங்கள் கருவி விவசாயிக்கு அனுப்புகிற எஸ்எம்எஸ்ஸின் கடைசியில் அதை ஒரே ஓர் எண்ணாகச் சேர்த்திருக்கிறேன். யாராவது கூப்பிட்டால் "கடைசியில என்ன நம்பர்ங்க" என்று மட்டும் கேட்பேன். 2 என்றால் வோல்ட்டேஜ், எலக்ட்ரீஷியனை அனுப்பி லைனைப் பார்க்கச் சொல்வேன். 4 என்றால் வாட்ச்டாக், அன்றைக்கு ராத்திரி நான் உட்கார வேண்டும்.