ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் எஞ்சின் நின்றுவிடுகிறது, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது: பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: 2014 மாடல் பெட்ரோல் கார். அரை மணி நேரம் ஓடிய பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் நின்றுவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. கால் மணி நேரம் காத்திருந்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், கடைசியாக பேட்டரி எல்லாம் மாற்றியாயிற்று. ஸ்கேனரில் ஒன்றும் காட்டவில்லை என்கிறார்கள். அடுத்து எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். முதலில் பர்ஸை மூடி வையுங்கள்.

திருச்சியில் கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன் நான். இந்த மாதிரி வண்டிகள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் கூடவே ஒரு கட்டு பில்லும் வருகிறது. நல்ல பாகங்களைக் கழற்றிப் போட்டுப் புதிய பாகங்களை மாட்டியிருப்பார்கள். பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிளக் போனால் எஞ்சின் உதறும், இழுவை குறையும். பட்டென்று நின்றுவிட்டு, ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடாது. பேட்டரியும் காரணமில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். அது படுத்திருந்தால் பேட்டரி விளக்கு எரிந்துகொண்டே வந்திருக்கும், நின்ற பிறகு செல்ஃபும் சுற்றாது. சொல்லப்போனால் பேட்டரியை மாற்றியதால் ஒரு நஷ்டம்தான். இந்த வயது கார்கள் பலவற்றில் பேட்டரி ஒயரைக் கழற்றியதும் ஈசியூவில் (எஞ்சினை நடத்தும் கணினியில்) இருந்த ஃபால்ட் கோடுகளும் (பழுதுக் குறியீடுகளும்), கோளாறு நேர்ந்த நொடியின் வேகம், வெப்பம், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது) ஆகிய பதிவுகளும் அழிந்துவிடும். ஸ்கேனர் வெறுமையாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மேலும், சில கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் திரும்ப வந்தால்தான் கோடாகப் பதியும்.

பழுது கண்டுபிடிக்கும் வரை நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். நடுவழியில் நின்றால் பிரேக்கை விட்டு விட்டுப் பலமுறை மிதிக்காதீர்கள். பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்வம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும்; ஒரே சீராக அழுத்துங்கள். ஸ்டீயரிங் கனமாகிவிடும், ஆனால் திரும்பும். வண்டி உருளும்போது சாவியை லாக் பக்கம் திருப்பிவிடக் கூடாது. நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, இடது ஓரம் ஒதுங்குங்கள்.

இப்போது நோயறிதல். எஞ்சின் நிற்கும் அந்த ஒரு கணத்தில் ஆர்பிஎம் முள்ளைப் பார்க்க வேண்டும். கியரில் உருளும் வண்டியில், கிளட்சை மிதிக்கும் வரை, சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பெட்ரோலோ தீப்பொறியோ மட்டும் நின்றிருந்தால், முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். வண்டி இன்னும் உருளும்போதே முள் பொத்தென்று சுழியத்தில் விழுந்தால், எஞ்சின் சுற்றுவதே ஈசியூவுக்குத் தெரியவில்லை என்று பொருள். அங்கே முதல் சந்தேகம், எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீதும் அதன் ஒயர் மீதும். மீட்டர் போர்டு முழுவதும் இருண்டுபோனால் கதையே வேறு: இக்னிஷன் சுவிட்ச், ஈசியூவுக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலே, எர்த் (பேட்டரியைக் காரின் பாடியோடு இணைக்கும் ஒயர்) என்று தேட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கைபேசியில் மீட்டரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சின் நின்றால் அவை எரியத்தான் செய்யும்.

அடுத்த வேலை, ஆறுவதற்கு முன் செய்ய வேண்டியது. பாதுகாப்பாக ஓரம் கட்டியதும் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, பின் சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். பெரும்பாலான கார்களில் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று ஒலித்து அடங்கும். அந்தச் சத்தம் இல்லையென்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் மூன்றையும் பாருங்கள். சத்தம் இருந்தால் செல்ஃப் அடித்துக்கொண்டே மறுபடி முள்ளைக் கவனியுங்கள். செல்ஃப் சுற்றும்போது முள் கொஞ்சமாவது அசைய வேண்டும். சில மீட்டர்கள் அவ்வளவு குறைந்த வேகத்தைக் காட்டாது. அதற்காகவே டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும், ஸ்கேனர் மாட்டுகிற 16 பின் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகி, ஆர்பிஎம் எண்ணைக் கைபேசியில் பாருங்கள். செல்ஃப் சுற்றியும் அது சுழியத்திலேயே நின்றால், சந்தேகம் கிராங்க் சென்சார் பக்கம்; தேடல் பாதி முடிந்தது.

நீங்கள் சொல்லும் 'சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும்' என்ற நடத்தைக்கு என் முதல் பந்தயம் கிராங்க் சென்சார்தான். இரண்டு ஒயர் வகையில் உள்ளே இருப்பது முடி போன்ற செப்புக் கம்பிச் சுருள். வருடக்கணக்கான எஞ்சின் சூட்டில் அதில் எங்கோ விரிசல் விடும். சூடேறி விரியும்போது தொடர்பு அறுந்து, ஆறிச் சுருங்கியதும் ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் ஆறிய நிலையில் மல்டிமீட்டர் வைத்தால் ஓம் அளவு சரியாகவே காட்டும். 'சென்சார் நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பி மாட்டிவிடுவார்கள். ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே அளந்தால்தான் குட்டு வெளிப்படும். காந்தப்புலத்தை உணரும் சில்லு கொண்ட மூன்று ஒயர் ஹால் வகையை இப்படி அளக்க முடியாது. அதற்கு சிக்னலை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்போ ஸ்கேனரின் நேரடி அளவீடோ வேண்டும். சாலையில் நின்ற நிலையில் சென்சார் மீது மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. கண்ட இடத்தில் ஊற்றாமல் இருந்தால் அது நல்ல சோதனை.

சென்சாரைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து வந்த ஒரு கார், வேகத்தடையைத் தாண்டி இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் நிற்கும். சென்சார் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்ததால், மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் பின்பக்கம் சாய்ந்தது. கிளிப் உடைந்து தொங்கிய சென்சார் ஒயர் கியர் பாக்ஸ் கூட்டின் விளிம்பில் உரசியது. கறுப்பு உறையை விலக்கிப் பார்த்தபோது, பச்சை ஒயரின் தோல் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து செம்பு பளபளத்தது. ஒயரை ஈயத்தால் பற்றவைத்து உறையிட்டு, மவுண்டை மாற்றியதோடு தொல்லை முடிந்தது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒயர்க் கற்றையைக் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்கும் சோதனைக்குச் செலவே இல்லை. பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டால் போதும்.

முள் மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம் போங்கள். பம்பு சாகும் முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும்: மேடேறும்போது குலுக்கல், மிதித்தாலும் வேகம் பிடிக்காமை. டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் சூடேறித் தேயும். பிரஷர் கேஜை மாட்டி, பழுது வரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். பல கார்களில் அளவு 3 பார் அருகில் இருக்கும், உங்கள் மாடலின் கணக்கைக் கையேட்டில் பாருங்கள். நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, உடனே எஞ்சினும் பிடித்துக்கொண்டால், டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது.

இங்கே இன்னொன்று. பம்பு பழுதால் கார் நிறுவனங்களே வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கின்றன. 2020இல் டொயோட்டா உலக அளவில் அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா கார்ஸ் இந்தியா 90,468 கார்களை பம்பின் இம்பெல்லர் (பெட்ரோலைத் தள்ளும் சுழலி) குறைபாட்டுக்காக அழைத்தது. உதிரிபாகமாகப் பின்னால் பம்பு பொருத்தப்பட்ட பழைய கார்களும் அதில் உண்டு. உங்கள் கார் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், அதன் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். திரும்ப அழைக்கும் பட்டியலில் இருந்தால் மாற்றுவது இலவசம்.

மீட்டர் போர்டு இருண்டால், பேட்டரியின் எர்த் ஒயர் பாடியில் இணையும் போல்ட்டை முதலில் பாருங்கள். மேலே இறுக்கமாகத் தெரியும், கழற்றினால் அடியில் துருவும் பச்சைப் பூஞ்சணமும் இருக்கும். மெயின் ரிலேக்குள்ளே சால்டரில் (ஈயப் பற்றில்) மோதிரம் போல விரிசல் விடுவதும் வாடிக்கை. வெயிலில் நின்ற வண்டியில் தொந்தரவு அதிகமாகும். இக்னிஷன் சுவிட்சைச் சோதிக்க, சாவிக்கொத்திலிருந்து மற்ற சாவிகளையெல்லாம் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். சுவிட்ச் தளர்வாக இருந்து, ஓடும்போதே சாவி நழுவி எஞ்சினும் ஏர்பேக்கும் செயலிழந்ததால்தான், 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களை அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் திரும்ப அழைத்தது. அந்தப் பழுதால் நேர்ந்தவை என்று இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

சிக்னலில் மெதுவாகும்போது மட்டும் நின்றால் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியில் கரி சேர்ந்திருக்கும். சுத்தம் செய்தால் போதும். உங்கள் பிரச்சினை அது இல்லை.

மெக்கானிக்கிடம் போகும்போது 'நின்றுவிடுகிறது' என்று மட்டும் சொல்லாமல் வீடியோவைக் காட்டுங்கள். நின்றபோது பம்பு சத்தம் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். கோடு ஏதாவது வந்திருந்தால், பி0335 போன்ற கிராங்க் சென்சார் கோடாக இருந்தாலும், அதை அழிக்கும் முன் கூடவே இருக்கும் பதிவையும் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்சார்தான் என்று உறுதியானால் கம்பெனி பாகமே வாங்குங்கள். விலை குறைந்த நகல்கள் சில மாதங்களிலேயே அதே சூட்டுப் பழுதோடு திரும்பி வருவதைப் பார்க்கிறேன். பொருத்தும் இடத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். சில மாடல்களில் மாற்றியபின் ஸ்கேனர் மூலம் ஈசியூவுக்குப் புதிய சென்சாரைப் பழக்க வேண்டியிருக்கும். அந்த வசதி இருக்கிறதா என்று பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.