ஆன்ஃபீல்டு யாருடைய மண்?

கேள்வி: லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகன் நான். எங்கள் ஆன்ஃபீல்டு மைதானத்தில் அதே ஊர் அணியான எவர்ட்டன் முன்பு குடியிருந்ததாம். வாடகை கொடுக்க முடியாமல் துரத்தப்பட்ட அணி அதைப் பெருமையாகச் சொல்லலாமா? சிவப்பு எங்கள் அணியின் நிறம்; அது ஆரம்பத்திலிருந்தே சிவப்பு மண்தானே?

– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆன்ஃபீல்டில் நடந்த முதல் ஆட்டமே எவர்ட்டனுடையதுதான். 1884 செப்டம்பர் 28 அன்று ஏர்ல்ஸ்டவுன் அணியை 5-0 என்று வென்றார்கள். அதற்கு முன் ஸ்டான்லி பூங்காவில் ஆடினார்கள். அப்புறம் ப்ரையரி ரோட்டில் ஓர் இடம் கிடைத்தது. கூட்டம் போட்ட சத்தம் பொறுக்காமல் நிலத்துக்காரர் போகச் சொல்லிவிட்டார். ஆன்ஃபீல்டுக்கு வந்த பிறகும் உடை மாற்றப் பக்கத்திலிருந்த சாண்டன் ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும். அந்த நிலையிலிருந்து பார்வையாளர் மேடைகளை எழுப்பி, ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்த்து, 1890-91 இங்கிலாந்து லீக் பட்டத்தையும் வென்ற அணி அது. லிவர்பூல் கிளப் அப்போது பிறக்கவே இல்லை.

துரத்தப்பட்டார்கள் என்பதும் சரியில்லை. சாண்டன் ஹோட்டலின் முதலாளி, பீர் தயாரிப்பாளர் ஜான் ஹோல்டிங்தான் கிளப்பின் தலைவர். மைதானத்துக்கு வாடகை வாங்கியவரும் அவரே. அணி வளர வளர, 100 பவுண்டாக இருந்த ஆண்டு வாடகை 250 ஆனது. மைதானத்தில் குடிக்கவும் கொறிக்கவும் விற்கிற உரிமையும் தனக்கே வேண்டும் என்றார். ஆரம்ப நாட்களில் கிளப்பைத் தூக்கி நிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதற்காக ஒரு கிளப்பின் தலைவரே அதன் வீட்டுக்காரராகவும் கடைக்காரராகவும் இருந்தால், உறுப்பினர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? 180 பவுண்டு தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. தேவாலய ஆர்கன் கலைஞரான ஜார்ஜ் மேஹன் முன்னால் நிற்க, தாங்களே முடிவெடுத்து 1892-ல் ஸ்டான்லி பூங்காவின் மறுபக்கம் குடிசன் பார்க் மைதானத்தை அமைத்துக்கொண்டார்கள். 2025 வரை ஆடவர் அணி அங்கேதான் ஆடியது. என் பார்வையில், எவர்ட்டன் வரலாற்றிலேயே துணிச்சலான முடிவு அதுதான்.

ஹோல்டிங்கிடம் மிஞ்சியது ஆளில்லாத மைதானம். எவர்ட்டன் என்ற பெயரையாவது வைத்துக்கொள்ளப் பார்த்தார். பெயர் பழைய கிளப்புக்கே என்று கால்பந்துச் சங்கம் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் உங்கள் லிவர்பூல் உருவானது. சிவப்பு மண் என்கிறீர்களே, 1896 வரை லிவர்பூல் அணிந்ததும் நீலமும் வெள்ளையும்தான்.