அரசு மருத்துவக் காப்பீட்டை இன்னும் நிறைய பேருக்கு விரிவாக்கினா மக்களோட பணக்கஷ்டமும் மனக்கஷ்டமும் உண்மையிலேயே குறையுமா, இல்ல வரிப்பணம்தான் வீணாப் போகுதா?

குறையும். ஆனா நீங்க எதிர்பார்க்கற இடத்துல குறையாது.

கேள்வி கேட்ட தோரணைய பாத்தா உங்களுக்கு கம்பெனியே இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்திருக்கும்னு நினைக்கறேன். மாசாமாசம் சம்பளத்துல டாக்ஸ் புடிக்கறாங்க, அந்தக் கடுப்புல கேட்டிருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, தப்பா இருந்தா கமெண்ட்ல திட்டிட்டுப் போங்க. ஆனா "வீண்"ங்கற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ராத்திரி கடைய சாத்திட்டு உக்காந்து இத டைப் பண்றேன்.

நமக்கு வேலூர் மாவட்டம் குடியாத்தம். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதா ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. எங்க நைனா தறி நெய்யறவரு, கைலி. அம்மா பீடி சுத்துவாங்க. இந்தப் பக்கத்துல பாதி வீடு அப்படித்தான், பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

2006ல அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. தண்ணிக் குடம் தூக்குனா நாலு வீடு தாண்டறதுக்குள்ள உக்காந்துடுவாங்க. சின்ன வயசுல வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்து வால்வ சுருக்கிடுச்சு, வால்வு மாத்தியே ஆகணும்னு வேலூர்ல சொல்லிட்டாங்க. அப்ப அரசு காப்பீட்டு கார்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஒண்ணரை லட்சம். இன்னிக்கு அது ஒரு போன் விலைன்னு சொல்வீங்க, எங்க வீட்டுல அப்ப நைனாவோட நெய்கூலியும் அம்மா பீடி துட்டும் சேத்தா மாசம் அஞ்சாயிரம் தாண்டாது. ரெண்டு தறில ஒண்ண வித்தோம், அம்மா கம்மல், அக்காவுக்குன்னு சேத்து வெச்சிருந்த ரெண்டு வளையல் எல்லாம் போச்சு, மீதி ஒரு லட்சம் மூணு வட்டிக்கு. மூணு வட்டின்னா நூத்துக்கு மாசம் மூணு ரூபா, அதாவது வட்டி மட்டும் மாசம் மூவாயிரம், அசல் அப்படியே உக்காந்துகினு இருக்கும்.

ஆபரேஷன் நல்லா நடந்துச்சு, அம்மா பொழைச்சிட்டாங்க. நோயாளி ஆனது நைனாதான்.

வட்டிக்காரர் நல்ல மனுசன்தான் ஒருவகையில, கெட்ட வார்த்தை ஒண்ணு பேசினது இல்ல. மாசம் பொறந்தா காலங்காத்தால டி.வி.எஸ். 50ல வருவாரு, திண்ணையில உக்காருவாரு, ஒரு டம்ளர் தண்ணி கேப்பாரு, அவ்ளோதான். பக்கத்து வீட்டு ஆளுங்க பல்லு வெளக்கிகினே பாப்பாங்க. அந்த வண்டி சத்தம் நைனாவுக்குள்ள போய் உக்காந்துடுச்சு. எந்த வண்டி தெருவுல வந்தாலும் தறியில கை நின்னுடும். ராத்திரி எழுந்து தாழ்ப்பாள தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. வித்த தறியோட குழிய மூடாமலே விட்டுட்டாரு, அதுல கால தொங்கப் போட்டு உக்காந்து பீடி புடிச்சிகினு இருப்பாரு, அம்மா சுத்தின பீடியையே. கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு ஊரே தெருவுல நிக்கும்போது இவரு உள்ள படுத்துக்குவாரு, கூட்டத்துல கடன் குடுத்தவன் மூஞ்சிய பாக்கணுமேன்னு. "மேலுக்கு சரியில்ல"ன்னு சொல்லுவாரு. இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போலாம்னு எங்க யாருக்கும் தோணல, தோணியிருந்தாலும் அதுக்கு எவன்கிட்ட போய் வட்டிக்கு வாங்கறது.

இதத்தான் மொதல்ல சொல்ல வந்தேன். ஒடம்பு சரியில்லாதது ஒருத்தருக்கு, அந்த பில்லு வேற ஒருத்தர் மண்டைக்குள்ள போய் நோயா மாறுது. இத எந்த ஆஸ்பத்திரி கணக்குலயும் பாக்க முடியாது.

அப்புறம் 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு. 2012ல ஜெயலலிதா அத மாத்தி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு கொண்டு வந்தாங்க. 2018ல டெல்லியில ஆயுஷ்மான் பாரத்னு ஒண்ணு ஆரம்பிச்சு, நம்ம திட்டத்தையும் அதோட சேத்து, குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம்னு ஆச்சு. கட்சிக்காரங்க தயவுசெஞ்சு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க, யார் ஆரம்பிச்சாங்க யார் பேர் மாத்துனாங்கன்னு. நமக்கு மூணு பேருமே கும்புடு சாமிதான்.

கார்டுக்கு போட்டோ எடுக்க, கைரேகை வெக்க போனப்ப நடந்தத சொல்லணும். அம்மாவோட கட்டைவெரல் மிஷின்ல விழவே இல்ல. வருசக்கணக்கா எலைய மடக்கி மடக்கி, நுனிய நகத்தால உள்ள தள்ளித் தள்ளி, ரேகையே தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. அந்தப் பையன் ஈரத்துணியில தொடைக்கச் சொல்றான், வேற வெரல் வைன்றான், அழுத்திப் புடிக்கறான், மிஷின் கீ கீன்னு கத்துது. பின்னால நின்ன பாதி பொம்பளைங்களுக்கும் அதே கதைதான், எல்லாம் பீடி கை. கடைசியில சுண்டுவெரல் விழுந்துச்சு. அம்மா என்னமோ பரிச்சை பாஸ் பண்ண மாதிரி சிரிச்சாங்க.

2019ல நைனாவுக்கு நெஞ்சு வலி. மூணு இடத்துல அடைப்பு, பைபாஸ்தான்னு சொல்லிட்டாங்க. வேலூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வாணாம். உள்ள போன ஒடனே டெபாசிட் கேட்டாங்க, கார்ட காட்டினதும் கவுன்டர்ல இருந்த பொண்ணு மூஞ்சியே மாறிடுச்சு, அது வேற விசயம். காப்பீட்டுக்குன்னு தனியா ஒரு ஆள் உக்காந்திருப்பாரு, அவரு ரிப்போர்ட்டெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பி அப்ரூவல் வாங்கினாரு. ஆபரேஷன் செலவு கார்டோட பேக்கேஜுல போயிடுச்சு. ஆனா முழுசா ஃப்ரீன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது கார்டுல வராது இது கார்டுல வராதுன்னு சொல்லி பதினெட்டாயிரம் கிட்ட கையில வாங்கிட்டாங்க, ரசீது கேட்டா வெள்ளப் பேப்பர்ல பேனால எழுதிக் குடுக்கறாங்க. கூட இருந்த ஆளுக்கு சாப்பாடு, ரூம் வாடகை, நான் கடைய மூடிக் கெடந்தது எல்லாம் தனி. வேலூர்ல ஆஸ்பத்திரி பக்கத்துல லாட்ஜ் வாடகை பத்தி தெரியும்ல, வங்காளத்துலேர்ந்தும் ஜார்கண்டுலேர்ந்தும் வர்ற சனங்களுக்குன்னு ஏத்தி வெச்ச ரேட்டு, உள்ளூர்க்காரனுக்கும் அதேதான்.

ஐ.சி.யூ. வெளிய பெஞ்சுல அம்மா உக்காந்திருந்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டு மொதல்ல கேட்டது, "எவன்கிட்டயாவது கையெழுத்து போட்டியாடா?"

"இல்லம்மா, கார்டுல முடிஞ்சுது."

"நெசமா? வட்டிக்கு எதும் வாங்கலியே? நைனா எழுந்தா அதத்தான் கேக்கும். பொய் சொன்னா கண்டுபுடிச்சிடும்."

நெசமாவே கண்ணு முழிச்சதும் அதத்தான் கேட்டாரு. அதுவும் ஆக்சிஜன் மாஸ்க்க தூக்கிட்டு, நர்ஸ் திட்டிச்சு. இந்த தபா வீட்டுக்கு வந்து மதியத்துல கொறட்டை விட்டுத் தூங்கினாரு பாருங்க, அம்மா ஆபரேஷனுக்கு அப்பால அந்த மனுசன் பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல.

ஒரு குடும்பத்துக் கதைய வெச்சு நாட்டுக்கே பேசாதன்னு ஒரு கோஷ்டி வரும், தெரியும். எம் கடைக்கு ஒரு காலேஜ் பொண்ணு இதே விசயத்துல புராஜெக்ட் டைப் பண்ணி பைண்டிங் போட குடுத்துச்சு, அதுல படிச்சேன். அமெரிக்காவுல ஓரிகான்னு ஒரு மாநிலம், அங்க ஏழைங்களுக்கு மெடிகெய்ட்னு அரசு காப்பீடு. 2008ல எல்லாருக்கும் குடுக்க துட்டு பத்தல, கேட்டதோ 90 ஆயிரம் பேரு கிட்ட, அதனால குலுக்கல் போட்டாங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா பேரு விழுந்தவனும் விழாதவனும் மத்தபடி ஒரே மாதிரி ஆளுங்க. ரெண்டு வருசம் கழிச்சு பாத்தா ரத்த அழுத்தம், சுகர், கொலஸ்ட்ரால் இதுலெல்லாம் பெருசா வித்தியாசம் தெரியல. ஆனா மனச்சோர்வு, காப்பீடு இல்லாதவங்கள்ல நூத்துக்கு முப்பது பேருக்கு இருந்துச்சு, கெடைச்சவங்கள்ல அது ஒம்போது பேர் கொறைஞ்சு கிட்டத்தட்ட இருவத்தியொரு பேரா ஆயிருக்கு. மருத்துவச் செலவால குடும்பமே கவுந்து போறது கிட்டத்தட்ட இல்லாமலே போயிடுச்சு. அந்தப் பக்கத்த டைப் பண்றப்ப எனக்கு எங்க நைனா அந்தக் குழியில கால தொங்கப்போட்டு உக்காந்ததுதான் ஞாபகம் வந்துச்சு. அது அமெரிக்கா, இது குடியாத்தம், அங்க இருக்கற கணக்கு அப்படியே இங்க வராது, ஒத்துக்கறேன். ஆனா "சுகர் கொறையலியே, அப்ப வேஸ்ட்"னு பேசறவங்க அந்த மறுபாதிய ஏன் படிக்க மாட்டேங்கறாங்கன்னுதான் கேக்கறேன்.

நம்ம நாட்டு கணக்கும் இருக்கு. மொத்த மருத்துவச் செலவுல சனங்க கையிலேர்ந்து போறது 2013-14ல நூத்துக்கு 64 ரூபா, 2021-22ல 39 ரூபா சொச்சம்னு மத்திய அரசு கணக்கு சொல்லுது. அது முழுக்க காப்பீட்டாலதான்னு நான் சொல்ல வரல, அரசு செலவும் ஏறியிருக்கு. தனியார் ஆஸ்பத்திரிங்க கார்ட பாத்தா தேவையில்லாத ஆபரேஷன் பண்றாங்கன்னு சொல்வீங்க, எங்கயாவது பண்றவன் இருப்பான், அவனப் புடிங்க. அதுக்காக கார்ட புடுங்கணுமா?

எனக்கு இருக்கற கோவம் வேற. கார்டுக்கு வருமான வரம்பு மொதல்ல வருசம் 72 ஆயிரம் இருந்துச்சு, இப்ப 1 லட்சத்து 20 ஆயிரம். மாசம் பத்தாயிரம். இந்தக் காலத்துல பரோட்டா மாஸ்டர் கூட அதவிட சம்பாதிக்கறாரு. அதனால என் கடைக்கு ஜெராக்ஸுக்கு வர்ற வருமானச் சான்று எல்லாத்துலயும் தொகை வரம்புக்குக் கொஞ்சம் கீழதான் நிக்கும், ஊரே ஒரே சம்பளம் வாங்கற மாதிரி. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். நேர்மையா மாசம் பன்னெண்டாயிரம்னு எழுதினவன் என்ன ஆவான்? அவனுக்கு கார்டு இல்ல, கம்பெனி இன்சூரன்ஸும் இல்ல, பைபாஸ் வந்தா 2006ல நைனா நின்ன எடத்துலதான் நிப்பான். விரிவாக்கம்னா மொதல்ல இவனுக்குத்தான் பண்ணணும்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போறவங்களுக்கு ஈ.எஸ்.ஐ.ன்னு தொழிலாளர் காப்பீடு இருக்கு, அதுவும் சம்பளம் 21 ஆயிரம் வரைக்கும்தான், 2017லேர்ந்து அந்த வரம்பு ஏறவே இல்ல. எங்க அக்கா அங்கதான் ஷூவோட மேல்பாகம் தைக்கற வேலையில இருந்துச்சு. அது கதைய கேட்டா இன்னும் கொடுமை, வேலைய விட்டு வந்து பி.எஃப். துட்டு எடுக்கலாம்னா கம்பெனி ரெக்கார்டுல பேருல ஒரு எழுத்து கூட இருக்கு, ஆதார்ல இல்ல. கம்பெனி ஆளு ஆபீஸ்ல கேளுன்றான், ஆபீஸ்ல கம்பெனிகிட்ட கையெழுத்து வாங்குன்றாங்க, அந்த கம்பெனியே இப்ப வேற ஆள் கைக்கு போயிடுச்சு. ஒரே ஒரு எழுத்துங்க! உழைச்ச துட்ட வாங்கறதுக்கு இன்னும் அலைஞ்சிகினு இருக்கு. கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா வயிறு எரியுது.

மனநலத்துக்கு வரேன். காப்பீடு வந்தா கடன் பயம் போகும், அதுல வர்ற மனக்கஷ்டம் கொறையும், அத சொல்லிட்டேன். ஆனா ஏற்கனவே மனசு நோயில விழுந்தவனுக்கு இந்த கார்டு பெருசா ஒதவாது, ஏன்னா கார்டு பெரும்பாலும் அட்மிஷனுக்குத்தான். மனநோய்க்கு அட்மிட் ஆகாம மாசாமாசம் ஓ.பி.ல, அதாவது வெளிநோயாளியா பாத்து மாத்திரை வாங்கறதுதான் வைத்தியமே. 2017 மனநல சட்டத்துல ஒடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்னு எழுதியிருக்கு, நல்ல விசயம், பாலிசி வெச்சிருக்கறவனுக்கு. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை சும்மாவே குடுக்கறாங்க, ஆனா குடியாத்தத்துலேர்ந்து வேலூர் போய் எறங்கி இன்னொரு பஸ் மாறிப் போய் வரிசையில நின்னா அன்னிக்கு கூலி போச்சு, கூட வர்ற ஆளுக்கும் போச்சு. மனநல ஆஸ்பத்திரி இருக்கற பாகாயம் பேர எடுத்தாலே தெருவுல கிண்டல் பண்றானுங்க, அந்த பயத்துலயே போகாதவங்கள எனக்குத் தெரியும்.

அம்மாவையே எடுத்துக்குங்க. உலோக வால்வு வெச்சதுனால ஆயுசு முழுக்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, அந்த அளவு சரியா இருக்கான்னு மாசாமாசம் ரத்த டெஸ்ட். கார்டுல வராது. 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வருது, அம்மா மாத்திரை அந்தப் பையில இல்ல. பெரிய செலவுக்கு அரசாங்கம் நிக்குது, தெனப்படி செலவு நம்ம தலையில. ஓ.பி. மாத்திரையும் டெஸ்ட்டும் சேக்காம வெறுமனே 5 லட்சத்த 10 லட்சமா ஏத்தினா கைத்தட்டு வாங்கலாம், எங்க வீட்டுக்கு ஒண்ணும் மாறாது.

கேள்வி கேட்டவருக்கு ஒண்ணு. உங்க வீட்டுல 70 தாண்டின பெரியவங்க இருந்தா, 2024 அக்டோபர்ல மத்திய அரசு வருமானம் பாக்காம 5 லட்சம்னு ஆரம்பிச்சது, அத விசாரிங்க. மத்தவங்க ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துகினு, எங்க வேலூர் மாவட்டம்னா சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டு கவுன்டருக்குப் போங்க, நோய் வந்தப்புறம் ஓடாதீங்க. பீடி சுத்தறவங்க இருந்தா ஒரு வாரம் எலைய தொடாம கூட்டிகினு போங்க, ரேகை கொஞ்சமாவது ஏறியிருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்துல போயிடாதீங்க, ஆள் இருக்க மாட்டாங்க.