கொஸ்கினென் வீட்டில் கொஸ்கினென் இல்லாத எள்ளுத்தாத்தா

கேள்வி: என் மகன் ஃபின்லாந்தில் தம்பெரே நகரத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண், குடும்பப் பெயர் கொஸ்கினென். பேத்தி பிறந்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டு வீட்டு வம்சாவளியையும் ஒரே தாளில் எழுதிச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. சம்பந்தி அம்மா அனுப்பிய பழைய தேவாலயப் பதிவுதான் குழப்புகிறது. மருமகளின் கொள்ளுத்தாத்தா கொஸ்கினென். அவருடைய அப்பாவோ யுஹான் மாட்ஸொன். பக்கத்தின் தலைப்பில் மத்திலா என்று வேறு போட்டிருக்கிறது. வேறு யாருடைய பக்கத்தையோ அனுப்பிவிட்டார்களா? கொஸ்கினென் என்றால் என்ன பொருள்? பேத்திக்கு இரண்டு வீட்டுப் பெயரையும் வைக்கலாமா? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பெயர் மாறியிருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள், அம்மா. அப்பாவுக்கு ஒரு பெயர், மகனுக்கு வேறு பெயர் என்பது மேற்கு ஃபின்லாந்தில் அந்தக் காலத்துச் சாதாரண விஷயம். யுஹான் மாட்ஸொன், மத்திலா, கொஸ்கினென் மூன்றும் ஒரே குடும்பத்துக்குத் தாராளமாகப் பொருந்தும்.

முதலில் பொருள். ஆறு பாறைகளுக்கு நடுவே சரிவில் நுரைத்துக்கொண்டு பாய்கிற இடத்தைக் கொஸ்கி என்பார்கள். அருவி போல உயரத்திலிருந்து விழாது, ஓடிக்கொண்டே இறங்கும். உங்கள் மகன் இருக்கும் ஊரே அப்படி ஒரு கொஸ்கியின் கரையில் வளர்ந்ததுதான். ஊருக்கு வடக்கே ஒரு ஏரி, தெற்கே ஒரு ஏரி. இரண்டுக்கும் சுமார் 18 மீட்டர் உயர வித்தியாசம். அந்த 18 மீட்டரைத் தண்ணீர் நகரத்தின் நடுவிலேயே இறங்கிக் கடக்கிறது. அதன் பெயர் தம்மெர்கொஸ்கி.

கடைசியில் வரும் 'னென்' ஒரு விகுதி. இணையத்தில் தேடினால் 'சின்னக் கொஸ்கி' என்று பொருள் சொல்லியிருப்பார்கள். விகுதிக்கு அந்தப் பொருள் உண்டுதான்: லிந்து என்றால் பறவை, லிந்துனென் என்றால் குட்டிப் பறவை. ஆனால் இந்தக் குடும்பப் பெயருக்கு அந்த விளக்கத்தை நான் ஏற்கமாட்டேன். இங்கே 'னென்' வந்திருப்பது 'இது ஒரு குடும்பப் பெயர்' என்று காட்டுவதற்காக. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள நாட்டைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பார்க்க வேண்டும். எந்த ஃபின்னியப் பெயரைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "கிழக்கா, மேற்கா?" என்பதுதான்.

கிழக்கே சாவோ, கரேலியா பக்கத்து மக்கள் காட்டை எரித்து, அந்தச் சாம்பலில் கோதுமை போல ஒரு தானியமான ரையை விதைத்தார்கள். சில போகங்களில் மண் ஓய்ந்துவிடும். அடுத்த காட்டுக்குப் போவார்கள். நிலம் மாறிக்கொண்டே இருந்ததால் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டு வரிக் கணக்குகளிலேயே கொர்ஹொனென் போன்ற 'னென்' பெயர்கள் இருக்கின்றன. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

மேற்கே கதை வேறு. அங்கே உழுத நிலத்தையே தலைமுறை தலைமுறையாக உழுதார்கள். அதனால் பெயர் வீட்டுக்கு இருந்தது, ஆளுக்கு இல்லை. மத்தி என்பவருடைய இடம் மத்திலா, ஹெய்க்கி என்பவருடைய இடம் ஹெய்க்கிலா. மத்திலாவில் குடியிருக்கும் வரை ஒருவர் மத்திலா. அவரே ஹெய்க்கிலா வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் மறுநாளிலிருந்து ஹெய்க்கிலா. மூன்று வீடு மாறியவருக்கு மூன்று பெயர். சொந்த நிலம் இல்லாத கூலியாட்களுக்கு அதுவும் இல்லை; அப்பா பெயர் மட்டும்தான், நம் இனிஷியல் போல.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பக்கத்துக்கு வருவோம். அது பெரும்பாலும் 'ரிப்பிகிர்யா' எனப்படும் பதிவேடாக இருக்கும். யாருக்கு வாசிக்கத் தெரியும், யார் எப்போது நற்கருணை வாங்கினார்கள் என்று பாதிரியார் குறித்து வைத்தது. அதை ஆள் பெயர் வரிசையில் எழுதவில்லை, கிராமம் கிராமமாக, வீடு வீடாக எழுதினார்கள். அதனால்தான் தலைப்பில் மத்திலா என்ற வீட்டுப் பெயர். ஃபின்லாந்து 1809 வரை ஸ்வீடனோடு சேர்ந்திருந்த நாடு. அதற்குப் பிறகும் வெகுகாலம் தேவாலயப் பதிவுகளை ஸ்வீடிஷ் மொழியிலேயே எழுதினார்கள். 'பொண்டெ' என்று இருந்தால் நிலத்துக்கு உரியவர். 'தோர்பாரெ' என்றால் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, அதற்கு ஈடாக உழைத்துக் கொடுத்தவர். 'திரெங்' பண்ணையாள், 'பீகா' வேலைக்காரப் பெண், 'ஹுஸ்த்ரு' மனைவி. உங்கள் யுஹான் பெயருக்கு முன்னால் இவற்றில் எது இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவர் மத்திலாவின் சொந்தக்காரரா, அங்கே வேலை செய்தவரா என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

மாட்ஸொன் என்றால் மாட்ஸின் மகன். மாட்ஸ் என்பது வீட்டில் மத்தி, யுஹான் வீட்டில் யுஹோ அல்லது யுஸ்ஸி, ஹென்ரிக் ஹெய்க்கி, மரியா மாய்யா. ஏட்டில் ஒரு பெயர், வாய்ப்பேச்சில் ஒரு பெயர். மனைவி பெயருக்குப் பின்னால் 'தொத்தெர்' என்று முடிந்தால், அது 'இன்னாரின் மகள்'. கணவர் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது.

அப்புறம் கொஸ்கினென் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் வந்தன. தம்பெரேயில் 1820இல் தொடங்கிய ஃபின்லேசன் ஆலை பெரிய பஞ்சாலையாக வளர்ந்து, சுற்றுக் கிராமத்து ஆட்களை இழுத்தது. ஊருக்கு வந்தவரின் பின்னால் வீடு வரவில்லை, எனவே வீட்டுப் பெயரும் பொருந்தவில்லை. புதுப் பெயர் தேவைப்பட்டது. ஆறு, குன்று, ஏரி, முனை என்று கண்ணுக்குத் தெரிந்த இயற்கைச் சொல் ஒன்றை எடுத்து, கிழக்கத்திய மாதிரியில் 'னென்' சேர்த்துக்கொண்டார்கள். விர்த்தனென், மேக்கினென், யேர்வினென், கொஸ்கினென் எல்லாம் அப்படி வந்தவை.

இன்னொரு வழியும் உண்டு. யுர்யோ கொஸ்கினென் என்று ஒரு வரலாற்றாசிரியர் இருந்தார், 1830இல் பிறந்தவர், ஃபின்னிய மொழி இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். அவருடைய பிறப்புப் பெயர் ஃபோர்ஸ்மன். ஸ்வீடிஷில் 'ஃபோர்ஸ்' என்றால் கொஸ்கி. பெயரை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார். 1906 மே 12 அன்று, தத்துவ அறிஞர் ஸ்னெல்மனின் நூறாவது பிறந்தநாளை ஒட்டி, இதே போலப் பல பத்தாயிரம் பேர் ஸ்வீடிஷ் பெயரை விட்டு ஃபின்னியப் பெயருக்கு மாறினார்கள். அதனால் 1906க்கு முந்தைய பதிவில் ஃபோர்ஸ்மன் என்று யாராவது தென்பட்டால் ஒதுக்கிவிடாதீர்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவு: எல்லா கொஸ்கினென்களும் உறவினர்கள் இல்லை. நாட்டின் மிகப் பரவலான பத்துக் குடும்பப் பெயர்களில் இதுவும் ஒன்று. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத குடும்பங்கள் தனித்தனியாக எடுத்துக்கொண்டது. இணையத்தில் யாரோ போட்ட கொஸ்கினென் வம்சாவளியை உங்கள் தாளில் ஒட்டவைத்துவிட வேண்டாம்.

பதிவுகளில் கொஸ்கிசென், கொஸ்கிசெத் என்றெல்லாம் கண்டால் அவையும் இதே பெயர்தான். 'மரம்' என்பது வேற்றுமை ஏற்கும்போது 'மரத்தின்' ஆகிறதல்லவா, அதே மாதிரி கொஸ்கினென் 'கொஸ்கிசென்' ஆனால் கொஸ்கினெனுடைய என்று பொருள். கொஸ்கிசெத் என்றால் கொஸ்கினென் குடும்பத்தார். உச்சரிக்கும்போது முதல் எழுத்தை அழுத்திச் சொல்லுங்கள், 'கொ' குறிலாக இருக்கட்டும். குறில் நெடில் அவர்களுக்கும் முக்கியம்: துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று.

மேலே தேட வேண்டுமானால் குடும்பப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கொள்ளுத்தாத்தா பிறந்த தேதி, திருச்சபை, வீடு இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறியவர்களைத் தேவாலயம் தனி ஏட்டில் எழுதிவைத்தது. மத்திலாவிலிருந்து வெளியேறிய தேதியும் தம்பெரேயில் சேர்ந்த தேதியும் பொருந்தினால் ஆள் அவரேதான். நூறு வருடத்தைத் தாண்டிய பதிவுகளை ஃபின்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்ததே 1921இல்தான். அதற்கு முன் பெயர் மாறிக்கொண்டே இருந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம்.

பேத்திக்கு இரண்டு பெயரும் வைக்கலாம். 2019இல் நடைமுறைக்கு வந்த பெயர்ச் சட்டப்படி, பெற்றோர் இருவரின் குடும்பப் பெயரையும் சேர்த்து, நடுவில் சிறு கோடு போட்டோ போடாமலோ பிள்ளைக்குப் பதிவு செய்யலாம். மகனின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் இருந்தால், பேத்திக்கு வருவது தாத்தாவின் பெயரும் கொஸ்கினெனும். பிறந்து மூன்று மாதத்துக்குள் பெயரைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் போய்விட்டது, மகனிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.

வம்சாவளித் தாளில் எள்ளுத்தாத்தாவைக் கொஸ்கினென் என்று திருத்தி எழுத வேண்டாம். 'யுஹோ, மத்தியின் மகன், மத்திலா வீடு' என்று எழுதுங்கள். அவருடைய மகனுக்கு நேராகக் கொஸ்கினென் என்று எழுதி, அந்தப் பெயர் முதன்முதலில் பதிவில் தென்படும் வருடத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.